ஓர் இங்கிலாந்துக் கிராமத்தின் வரலாற்றைத் துருவிப் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் தேவாலயத்துக்குப் பக்கத்திலோ ஊர் நடுவே இருக்கும் புல்திடலிலோ ஒரு தகவல் பலகை நிற்கும். அதைப் படித்துவிட்டு, தேநீர்க் கடையில் ஸ்கோன் சாப்பிட்டுவிட்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், தப்பே இல்லை. ஆனால் அந்தப் பலகையில் இருப்பது ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிற கதை. இதை முதலில் எழுதியவர் யார், எந்த வருஷத்தில் என்று கேட்கப் பழகிவிட்டால், அதே ஊர் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

பொதுவாகச் சொன்னால் காற்றில் போய்விடும், அதனால் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். டெர்பிஷயர் மாவட்டத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஈம். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘இயாம்’ என்று சொல்லிவிடாதீர்கள், ஊர்க்காரர்கள் வாயில் அது ஈம். கொள்ளைநோய்க் கிராமம் என்று பேர் வாங்கிய ஊர். கதையும் பெரியது, ஆதாரங்களும் நிறைய மிஞ்சியிருக்கின்றன. பழகிக்கொள்ள இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

முதலில் கதையை அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்

ஊரில் சொல்லப்படும் கதை இது. 1665 கோடையின் முடிவில் லண்டனில் பிளேக் தலைவிரித்தாடிக்கொண்டிருந்தது. ஈம் ஊர்த் தையல்காரர் ஒருவருக்கு லண்டனிலிருந்து ஒரு துணிப்பெட்டி வந்தது. துணி ஈரமாக இருந்ததால், அந்த வீட்டில் தங்கியிருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர் அதைக் கணப்படுப்பின் முன் விரித்துக் காயப்போட்டார். துணியில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன. சில நாட்களில் அவர் இறந்தார். செப்டம்பர் 7ஆம் தேதி அடக்கம். அப்புறம் அக்கம்பக்கத்து வீடுகள், அப்புறம் தெரு முழுக்க.

குளிர்காலத்தில் கொஞ்சம் அடங்கிய நோய் 1666 கோடையில் திரும்ப எழுந்தது. ஊருக்கு அப்போது பாதிரியாராக இருந்தவர் வில்லியம் மொம்பெசன், வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவருக்கு முன் இருந்த தாமஸ் ஸ்டான்லி, 1662 சட்டத்தின்படி அரசாங்கத்தின் வழிபாட்டு முறையை ஏற்க மறுத்ததால் பதவி இழந்தவர், ஆனாலும் ஊர் ஜனங்களின் மரியாதையை இழக்காதவர். ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்திருக்க வேண்டிய இந்த இருவரும் கைகோத்து, யாரும் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என்று மக்களை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். தேவாலயம் மூடப்பட்டது, வழிபாடு கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் திறந்தவெளிக்கு மாறியது, இறந்தவர்களை அவரவர் குடும்பமே தோட்டத்திலோ வயலிலோ புதைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார். மற்ற ஊர்க்காரர்கள் எல்லையில் சாமான்களை வைத்துவிட்டுப் போவார்கள், ஈம் மக்கள் காசை வினிகரில் போட்டு வைப்பார்கள். நவம்பரில் நோய் நின்றபோது ஏறத்தாழ 260 பேர் போயிருந்தார்கள்.

கேட்டால் மனசு கனக்கும் கதை, இதன் முதுகெலும்பு உண்மையும்கூட. இனிமேல் நீங்கள் செய்ய வேண்டியது, எலும்பு எது, சதை எது, மேலே போட்ட சட்டை எது என்று பிரிப்பது.

ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வருஷம் கேளுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, கதையில் வரும் ஒவ்வொரு தகவலையும் தனித்தனி வரியில் எழுதி, பக்கத்தில் இரண்டு வருஷம் குறியுங்கள்: சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் வருஷம், அது எழுத்தில் முதன்முதலாக வந்த வருஷம். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு பெரிசோ அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வேலை இவ்வளவுதான், ஆனால் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

ஈம் விஷயத்தில் சம்பவ காலத்திலேயே எழுதப்பட்டவற்றில் முக்கியமானவை மொம்பெசனின் மூன்று கடிதங்கள். 1666 ஆகஸ்டின் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நவம்பரிலும் எழுதியவை. முதல் கடிதம் அவருடைய பிள்ளைகளுக்கு, அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்ல. அந்தப் பிள்ளைகள் ஏன் ஊரில் இல்லை என்றால், ஆபத்து முற்றுவதற்கு முன்பே அவர்களை வெளியே அனுப்பிவிட்டார். ஊரைப் பூட்டியவர் தன் பிள்ளைகளை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார் என்பது பலகையில் கொட்டை எழுத்தில் இருக்காது. அதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, அவர் நோயாளிகள் நடுவிலேயே இருந்தார், மனைவி கேதரின் அவரை விட்டுப் போக மறுத்து அங்கேயே இறந்தாள். ஆனால் வசதி இருந்தவர்களுக்கு ஒரு வழி திறந்திருந்தது என்பது கதையின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றத்தான் செய்கிறது.

கதை அச்சில் பரவியது பின்னால்தான். 1720இல் பிரான்சின் மார்சேய் நகரில் பிளேக் வந்தபோது இங்கிலாந்து பயந்துபோனது. அந்தப் பயத்தில் லண்டன் மருத்துவர் ரிச்சர்டு மீட் எழுதிய நூலின் பிந்தைய பதிப்பில் ஈம் பற்றிய குறிப்பு சேர்ந்தது. பிறகு, ஈம் பாதிரியார் வீட்டில் 1742இல் பிறந்த கவிஞர் ஆனா சீவார்டு அதைப் பற்றி எழுதினார். 1842இல் உள்ளூர்க்காரர் வில்லியம் வுட் ஊர் வரலாறு ஒன்றை எழுதி வெளியிட்டார். இன்று பலகையில் நீங்கள் பார்க்கும் உணர்ச்சிகரமான காட்சிகளில் பல இந்தக் கட்டத்தில்தான் வடிவம் எடுத்தன. சம்பவத்துக்கும் வுட்டின் புத்தகத்துக்கும் இடையில் சுமார் 175 வருஷம்; ஐந்தாறு தலைமுறை வாய்வழியாகக் கைமாறிய சரக்கு.

எம்மட் சிடால் என்ற பெண்ணின் காதல் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் ஸ்டோனி மிடில்டனில் இருந்த ரோலண்டு என்பவன் தூரத்தில் நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போவானாம், ஒருநாள் அவள் வரவில்லையாம். எம்மட் என்ற பெண் இருந்ததும் 1666 ஏப்ரல் கடைசியில் இறந்ததும் தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் இரு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டது பதிவேட்டில் இல்லை. நோட்டில் இரண்டையும் எழுதுங்கள், ஆனால் வேறு வேறு வரியில்.

இதே போல நம் பிள்ளைகள் நர்சரியில் பாடும் ‘ரிங்கா ரிங்கா ரோசஸ்’ பாட்டு பிளேக்கைப் பற்றியது, ரோஜா என்பது உடம்பில் வரும் தடிப்பு, கடைசியில் விழுவது சாவு என்று யாராவது ஒருவர் உங்களிடம் கட்டாயம் சொல்வார். அந்தப் பாட்டு இங்கிலாந்தில் அச்சில் வந்ததே 1881இல், பிளேக் விளக்கம் கிளம்பியது இரண்டாம் உலகப் போர் சமயத்துக்கு அப்புறம். சம்பவத்துக்கும் விளக்கத்துக்கும் சுமார் முன்னூறு வருஷ இடைவெளி! சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு நகருங்கள்.

காகிதங்கள்

இங்கிலாந்துக் கிராமத்துக்கு உயிர்நாடி பங்குப் பதிவேடு. பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதி. எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல் 1538இல் போட்ட உத்தரவு: ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். எல்லா ஊரிலும் அவ்வளவு பழையது மிஞ்சவில்லை, 1640களில் உள்நாட்டுப் போர் சமயத்தில் பல ஊர்களில் ஓட்டை விழுந்திருக்கும். அப்படி ஓட்டை இருந்தால் பிஷப்புக்கு அனுப்பிய வருடாந்திர நகல் இருக்கிறதா என்று கேளுங்கள், 1598க்கு மேல் அந்த வழக்கம் உண்டு.

இதில் புதிதாக வருகிறவர்களைக் கவிழ்க்கும் ஒரு குழி இருக்கிறது. 1752 வரை இங்கிலாந்தில் வருஷம் பிறந்தது மார்ச் 25இல். அதாவது இன்றைய கணக்கில் 1666 பிப்ரவரியில் இறந்தவர், அந்தக் காலப் பதிவேட்டில் 1665 பிப்ரவரி என்று இருப்பார். இது தெரியாமல் ஈம் சாவுகளை வரிசைப்படுத்தினால், முதல் ஆள் செப்டம்பரில் இறக்கும் முன்பே பிப்ரவரியில் சிலர் இறந்த மாதிரி ஒரு பட்டியல் கையில் கிடைக்கும். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை வரும் எந்தத் தேதிக்கும் 1665/66 என்று இரண்டு வருஷமும் போட்டு எழுதும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. நவம்பர் கடிதத்தில் மொம்பெசன் கொடுக்கும் கணக்கு 76 குடும்பங்கள், 259 பேர். ஊர் வழக்கில் அது 260 ஆகிவிட்டது. தேவாலயத்தில் உள்ள பெயர்ப் பட்டியல் 273 என்கிறது. மூன்றில் எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், எதை வைத்து எண்ணினார்கள் என்று பாருங்கள். அந்தப் பதினாலு மாதத்தில் கிழடு தட்டி இறந்தவர்களும் பிரசவத்தில் போனவர்களும் இருப்பார்கள்தானே.

அதைவிடப் பெரிய கேள்வி, எத்தனை பேரில் 260? பழைய கணக்குப்படி ஊர் ஜனத்தொகை 350, மிஞ்சியது 83 பேர். இதுதான் நெடுங்காலம் சொல்லப்பட்டது, இன்றும் இணையத்தில் பல இடங்களில் இதுவே ஓடுகிறது. இதைச் சரிபார்க்கப் பயன்பட்ட காகிதம் ஒரு வரிப் பட்டியல். 1662 முதல் 1689 வரை இங்கிலாந்தில் கணப்படுப்பு வரி இருந்தது: வீட்டில் உள்ள ஒவ்வொரு கணப்புக்கும் வருஷத்துக்கு 2 ஷில்லிங். வரி என்றால் பட்டியல் இருக்கும். வீட்டுத்தலைவர் பெயர், அவர் வீட்டில் எத்தனை கணப்பு என்று. 1664ஆம் வருஷத்துப் பட்டியலையும் பங்குப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்து, 2016இல் வெளிவந்த ஒரு தொற்றுநோய் ஆய்வு ஜனத்தொகையைச் சுமார் 700 என்று வைத்தது. அப்படியானால் நாலில் மூன்று பேர் போன ஊர், திடீரென்று மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் மேல் போன ஊராக மாறுகிறது. அப்போதும் அது பயங்கரம்தான். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: தொற்றில் முக்கால்வாசி எலி வழியாக அல்ல, மனிதரிடமிருந்து மனிதருக்குப் போயிருக்க வேண்டும், முக்கியமாக ஒரே வீட்டுக்குள்.

கணப்பு வரிப் பட்டியல் உங்கள் ஊருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம், கட்டாயம் தேடுங்கள். ஒரு கணப்பு உள்ளவர்கள் வரிசையாக வந்துகொண்டே இருப்பார்கள், நடுவில் பத்து கணப்போடு ஒருவர் நிற்பார். அவர் வீடு இன்னும் ஊரில் நின்றுகொண்டிருக்கும், பெரும்பாலும் அதற்கு ‘ஹால்’ என்றோ ‘மேனர்’ என்றோ பேர் இருக்கும்.

இதற்கும் பின்னால் போக வேண்டுமானால் 1086ஆம் வருஷத்து டூம்ஸ்டே பதிவு. வில்லியம் மன்னன் நாடு முழுக்க யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை குடி என்று எடுத்த கணக்கு, 13,000க்கு மேல் ஊர்கள். இணையத்தில் இலவசமாகவே ஊர் வாரியாகப் பார்க்கலாம். ஈம் அதில் இருக்கிறது. ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், ரெண்டு மூணு வரிதான் கிடைக்கும். அதில் எண்ணப்பட்டவர்கள் வீட்டுத்தலைவர்கள் மட்டும், எல்லா மனிதர்களும் அல்ல.

முன்னால் வந்தால் 1836 சட்டத்துக்குப் பிறகு தயாரான தசமபாக வரைபடங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை தேவாலயத்துக்குக் கொடுப்பதைக் காசாக மாற்றுவதற்காக வரைந்தவை. ஒவ்வொரு வயலுக்கும் நம்பர், பேர், சொந்தக்காரர், பயிரிடுபவர் எல்லாம் வரும். வயல் பேர்களைத் தவறவிடாதீர்கள். காணாமல் போன காற்றாலையும் செங்கல் சூளையும் அந்தப் பேர்களில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: 1841 முதல் பெயரோடு கிடைக்கும், இப்போது 1921 வரை திறந்திருக்கிறது. 1931ஆம் வருஷத்தது 1942இல் தீயில் போய்விட்டது, 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. அந்த ஓட்டையை 1939 செப்டம்பரில் எடுத்த குடிமக்கள் பதிவேடு ஓரளவு அடைக்கும்.

காலால் நடந்து பார்ப்பது

காகிதம் பார்த்த பிறகுதான் ஊருக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. முன்னால் போனால் கல் கல்லாகத்தான் தெரியும்.

ஈமில் இருந்து ஸ்டோனி மிடில்டன் போகும் வயல்வழிப் பாதையில் எல்லைக்கல் கிடக்கிறது. பெரிய சிற்பம் ஏதோ இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் தாண்டியே போய்விடுவார்கள். புல்லில் பாதி புதைந்த ஒரு பாறை, அவ்வளவுதான். கிட்டே குனிந்தால் மேல்பக்கத்தில் ஆறு குழிகள். விரல் விட்டால் விளிம்பு வழுவழுவென்று இருக்கும், தலைமுறை தலைமுறையாகக் கைகள் பட்டுத் தேய்ந்தது. இந்தக் குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசு போட்டார்கள் என்பது வழக்கு. நின்று இரண்டு பக்கமும் பாருங்கள்: கீழே அடுத்த ஊரின் கூரைகள் நன்றாகத் தெரியும் தூரம். அந்த நெருக்கத்தை எந்தப் பலகையும் சொல்லாது. ஊரின் வடக்கே மேட்டில் மொம்பெசன் கிணறு என்று இன்னொரு இடமும் இதே வேலைக்குப் பயன்பட்டதாகச் சொல்கிறார்கள். கிணறு என்றால் நம்மூர்க் கிணறு இல்லை, கல்லுக்கு நடுவே ஊறும் சுனை.

ஊருக்குக் கிழக்கே அரை மைல் நடந்தால் வயல் நடுவில் வட்டமான கற்சுவருக்குள் ரைலி கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டு நாட்களுக்குள் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்த இடம். உதவிக்கு யாரும் வரவில்லை, தானே குழி தோண்டினாள் என்கிறார்கள். இங்கேயும் நம் கேள்வியைக் கேளுங்கள்: கற்களில் வெட்டியிருக்கும் பெயரும் தேதியும் ஒன்று, சுற்றியுள்ள சுவர் இன்னொன்று. சுவர் பிற்காலத்தது; சிதறிக் கிடந்த கற்கள் பின்னால் இப்படி ஒழுங்காக வைக்கப்பட்டன. இப்போது பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கிறது. அந்தக் காலத்தில் சாதாரண விவசாயக் குடும்பத்துக்கு எழுத்து வெட்டிய கல் கிடைத்ததே அபூர்வம் என்பதையும் நினைவில் வையுங்கள். இங்கிலாந்து கல்லறைத் தோட்டங்களில் 1650க்கு முந்தைய தலைக்கல் பார்ப்பது கஷ்டம், ஏழைகள் மரப்பலகையோடு போனவர்கள்.

தேவாலயம் புனித லாரன்ஸ் பேரில் இருக்கிறது. உள்ளே போகும் முன் வெளியே ஒரு சுற்று வாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு கற்சிலுவை நிற்கிறது, பிளேக்கைவிடச் சுமார் 800 வருஷம் மூத்தது, ஆங்கிலோ சாக்சன் காலம். தலைப்பகுதியில் தேவதூதர்கள், தண்டில் குழந்தையோடு மாதா, கொடி வேலைப்பாடு. தண்டின் மேல்துண்டு ஒன்று தொலைந்துபோனதால் குட்டையாகத் தெரியும். பக்கத்திலேயே கேதரின் மொம்பெசனின் மேடைக் கல்லறை. தெற்குச் சுவரில் 1775 என்று போட்ட சூரியக் கடிகாரம். எல்லாரும் பிளேக் வீட்டைப் போட்டோ எடுக்கும்போது நீங்கள் இந்தச் சிலுவையிடம் அஞ்சு நிமிஷம் நில்லுங்கள், ஊரில் இதுதான் உண்மையான அதிசயம் என்பேன்.

கட்டடத்தின் வயதைக் கண்டுபிடிக்க ஜன்னல் வளைவைப் பார்ப்பது சுலபமான வழி. அரைவட்ட வளைவு என்றால் நார்மன் காலம், 12ஆம் நூற்றாண்டு வாக்கில். ஒடுங்கிக் கூராக ஈட்டிமுனை மாதிரி இருந்தால் 13. வலைப்பின்னல் போலக் கல்வேலை இருந்தால் 14. சுவர் முழுக்க ஜன்னலாக, நேர்க்கோட்டுக் கம்பிகளோடு இருந்தால் 15, அதோடு அந்த ஊருக்குக் கம்பளிப் பணம் வந்த காலம் என்று யூகிக்கலாம். ஆனால் எல்லாம் கச்சிதமாக, கூர்மை குறையாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். விக்டோரியா காலத்தில் சீரமைப்பு என்ற பேரில் ஊர் ஊராகப் புதுசு போட்டிருக்கிறார்கள். உள்ளே சுவர்களில் பதித்த நினைவுக் கற்களையும் படியுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்தவர்களின் கற்கள் நிறைய கிராமத் தேவாலயங்களில் உண்டு, எங்கோ ஒரு குளிர்ந்த சுவரில் ‘மெட்ராஸில் இறந்தார்’ என்று வாசிக்கும்போது கொஞ்சம் திடுக்கென்றிருக்கும்.

பிளேக்கைத் தாண்டியும் ஊர் இருந்தது

ஒரு பெரிய கதை இருக்கும் ஊரில் மற்ற எல்லாமே நிழலில் போய்விடும். ஈமில் அப்படிப் போனது ஈயம். பல நூற்றாண்டுகளாக இந்த ஊர் சாப்பிட்டது ஈயச் சுரங்கத்தால். பாதிரியாருக்கே தாதுவில் பங்கு வந்தது, அதனால்தான் 18ஆம் நூற்றாண்டில் ஈம் பாதிரியார் வேலைக்குப் போட்டி. டெர்பிஷயர் ஈயத்துக்குத் தனிச் சட்டமே உண்டு: கல்லறைத் தோட்டம், பழத்தோட்டம், வீட்டுத் தோட்டம், பொதுப்பாதை மாதிரி சில இடங்களை விட்டுவிட்டு, அடுத்தவன் நிலத்திலும் ஈயம் தேடித் தோண்ட யாருக்கும் உரிமை இருந்தது. அந்த வழக்குகளைப் பார்த்த பார்மோட் நீதிமன்றம் விர்க்ஸ்வொர்த் என்ற ஊரில் இன்னும் வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிறது.

இதைத் தரையில் பார்ப்பது எப்படி? ஊரைச் சுற்றிய மேய்ச்சல் நிலத்தில் காரணமே இல்லாமல் மேடும் பள்ளமுமாக ஒரே கோட்டில் ஓடினால் அது பழைய சுரங்க வரிசை. கோடையில் அந்த மேடுகளில் மட்டும் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்தாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஈயம் கலந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கிற செடி அது, உள்ளூரில் லெட்வோர்ட் என்பார்கள். பாதையை விட்டு இறங்கி அங்கே நடக்காதீர்கள், மூடிய சுரங்க வாய்கள் எல்லாமே உறுதியாக மூடியவை இல்லை. ஊர் மியூசியம் இருக்கும் கட்டடமும் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவின் பழைய சபை மன்றம்தான், சுரங்க ஊர்களில் மெதடிஸ்ட்கள் வேரூன்றிய கதை அந்தச் சுவர்களுக்குத் தெரியும்.

தெருவில் இருக்கும் கல் தொட்டிகளும் பார்க்கத் தவறக் கூடாதவை, 1588லேயே குழாய் போட்டு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாடு. ஆகஸ்ட் கடைசியில் போனால் கிணற்றலங்காரமும் பார்க்கலாம்: ஈரக் களிமண் பூசிய பலகையில் பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் படம் செய்வது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு கொள்ளைநோய் ஞாயிறு, கக்லெட் டெல்ஃபில் வழிபாடு. அதற்கும் வருஷம் கேட்கலாம்: 1866இல், இருநூறாவது ஆண்டில் தொடங்கிய வழக்கம்.

உங்கள் ஊர் ஈம் இல்லையென்றால்

பெரும்பாலான கிராமங்களில் இப்படி ஒரு கதை இருக்காது. அதுவும் நல்லதுக்குத்தான், கழற்றிப் பார்க்க வேண்டிய சட்டை குறைவு. நீங்கள் லெஸ்டர் பக்கமோ கென்ட் பக்கமோ குடியிருந்தால் பக்கத்துக் கிராமத்தில் ஆரம்பியுங்கள். ஊர்ப் பேர் ‘பி’ என்றோ ‘தார்ப்’ என்றோ முடிந்தால் வைக்கிங் கடலோடிகள் வந்து குடியேறிய தடம் என்று ஒரு குறிப்புப் போட்டுக்கொண்டு, அதை மட்டுமே நம்பிக் கோட்டை கட்டாமல் தசமபாக வரைபடத்துக்குப் போங்கள். அதோடு பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடத்தை ஒப்பிடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்தின் பழைய வரைபடங்களும் காசில்லாமல் கிடைக்கின்றன, இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் விரித்தே பார்க்கலாம்.

வயல்களில் நீளநீளமாக வரப்பு அலை மாதிரி தெரிந்தால் அது இடைக்காலத்து உழவு. எருதுப் பூட்டைத் திருப்ப இடம் வேண்டும் என்பதால் அந்தக் கோடுகள் நேராக இல்லாமல் லேசாக வளைந்திருக்கும். அந்த உழவுமுறை இன்றும் உயிரோடு இருக்கும் ஊர் நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டன். மூன்று பெரிய திறந்த வயல்கள், அதில் ஆளுக்குச் சில பட்டைகள், மேற்பார்வைக்கு ஊர் நீதிமன்றம் ஒன்று. 1635இல் வரைந்த அதன் வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. மற்ற ஊர்களில் பொதுநிலம் எல்லாம் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வேலி போட்டு அடைக்கப்பட்டது; உங்கள் ஊரில் செடிவேலிகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராக இருந்தால் அந்தக் காலத்து வேலை.

ஊரே இல்லாமல் வெறும் தேவாலயம் மட்டும் வயலில் நின்றால் உடனே ‘பிளேக்கில் அழிந்த ஊர்’ என்பார்கள். யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட கிராமத்தைப் பற்றியும் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். 1950 முதல் நாற்பது வருஷம் தோண்டிப் பார்த்ததில், 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய்க்குப் பிறகும் அங்கே வீடுகள் இருந்தது தெரிந்தது. 1500 வாக்கில் நிலச்சொந்தக்காரர் மிச்சமிருந்த குடிகளைக் கிளப்பிவிட்டு ஆடு மேய்த்திருக்கிறார். கம்பளிக்கு நல்ல விலை!

ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்குச் சில நடைமுறைகள். ஈம் என்றால் மேட்லாக்கில் உள்ள டெர்பிஷயர் ஆவணக் காப்பகம், மற்ற ஊர்களுக்கு அந்தந்த மாவட்டத்தது. முன்கூட்டியே இருக்கை பதிவுசெய்து, எந்த ஆவணம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள். பேனா உள்ளே விடமாட்டார்கள், பென்சில் மட்டும். 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து முதலில் புழு நெளிந்த மாதிரி இருக்கும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் தன் தளத்தில் இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது, கொஞ்ச நாள் அதில் உட்கார்ந்தால் கண் பழகிவிடும். 1733க்கு முந்தைய நீதிமன்றக் காகிதங்கள் பெரும்பாலும் லத்தீன், அதற்கும் அங்கேயே பாடம் உண்டு. காசு கட்டிப் பார்க்கும் வம்சாவளித் தளங்களைப் பல ஊர் நூலகங்களில் உறுப்பினர்கள் சும்மாவே பார்க்கலாம், அதனால் வருஷச் சந்தா கட்டும் முன் உங்கள் நூலக அட்டையோடு போய் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஈமுக்கே நேராகப் போவதாக இருந்தால், ஷெஃபீல்டு மான்செஸ்டர் ரயிலில் கிரிண்டில்ஃபோர்டில் இறங்கி மேட்டில் நடக்கலாம், அல்லது பஸ். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்24 வரைபடம் கையில் இருக்கட்டும், அதில் பச்சைப் புள்ளிக்கோடாக இருப்பதெல்லாம் யாரும் நடக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிற பாதை. குளிர்காலத்தில் மியூசியம் மூடியிருக்கும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேக் வீடுகள் என்று பலகை மாட்டிய வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.